பேவர் வாத்தியார்

அவருக்கு இங்கிலீஷில் ஒரே ஒரு பெயர்ச்சொல்தான் தெரியும் என்று நான் சொன்னால் அது பொய். நிறையச் சொற்கள் தெரியும். ஆனால் மற்றச் சொற்கள் எல்லாம் அந்த ஒன்றுக்குப் பல்லக்குத் தூக்கின. அந்தச் சொல் பேவர். தமிழில் தயவு என்று சொல்லலாம். அரூரில் அவர் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. பேவர் வாத்தியார் என்றால் தாலுக்கா ஆபீசுக்கு எதிரே பூட்டிக் கிடந்த பஞ்சுக் கடையின் வாசலைக் காட்டுவார்கள். அங்கே ஒரு சாய்வுப் பலகை, ஒரு மைக்கூடு, பெருவிரல் ஒற்ற ஒரு தகர மைப்பெட்டி, இவ்வளவையும் வைத்துக்கொண்டு காலையிலிருந்து மாலை வரை மனு எழுதிக்கொண்டிருப்பார். பெரிய வயதில்லை. என்னைவிட இரண்டு வருடம் மூத்தவராக இருப்பார். ஆனால் முதுகு அப்போதே வளைந்துவிட்டது. எழுதி எழுதி வளைந்தது என்று அவர் சொல்வார். நான் நம்பியதில்லை.

நான் மலைக்காரன். சித்தேரி மலையில் இருபது வீட்டு ஊர். அரூர் போர்டு பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும் படித்துவிட்டு, அதே அரூரில் ஒரு புளி மண்டியில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு இங்கிலீஷ் எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் ஊருக்கு வரும் காட்டு இலாகா கார்டுகள், அதாவது காவலாளிகள், கையில் ஒரு அச்சடித்த தாளை ஆட்டிக்கொண்டு வருவார்கள். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டால், "உனக்குத் தெரியாது, இங்கிலீசு" என்பார்கள். அந்தத் தாளை ஒரு நாள் பிடுங்கிப் படிக்க வேண்டும் என்று எனக்கு வெறி. அதனால் அவருடைய சாயங்கால வகுப்பில் சேர்ந்தேன்.

வகுப்பில் மூன்று பேர். நான், ஒரு போலீஸ்காரர், காப்பிக் கடை வைத்திருந்த ஒருவர். மூவரும் முப்பதை நெருங்கியவர்கள். முதல் நாள் அவர் ஒரு பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் அந்தச் சொல்லை எழுதினார். அடுத்த இருபது நாளும் அது அழியவில்லை.

"இத ஒண்ணப் புடிச்சிக்கோங்க. மீதி இங்கிலீசு தானா வந்து உங்க கால்ல உழும்" என்றார்.

முதல் பொருள் தயவு. இரண்டாவது சலுகை. மூன்றாவது உதவி. நான்காவது, வியாபாரிகள் எழுதும் கடிதத்தில் எதிராளி போட்ட கடிதத்துக்கே பேவர் என்று பேர். உங்கள் ஐந்தாம் தேதி பேவர் கிடைத்தது என்று எழுத வேண்டும். ஐந்தாவது, ஒருவன் பக்கம் சாய்வது. இப்படி விரல் விட்டுச் சொல்வார். அதன் பிறகு அந்தச் சொல்லோடு சேரும் வினைகள். ஆஸ்க் என்பது கீழே இருப்பவன் செய்வது. கிராண்ட் என்பது மேலே இருப்பவன் செய்வது. ரிட்டர்ன் என்பது சமமானவர்கள் செய்வது, அது நமக்கு வேண்டாம், தள்ளி வையுங்கள் என்பார். ஆளுக்குப் பத்து வாக்கியம் எழுதிக்கொண்டு வரச் சொல்வார்.

போலீஸ்காரர் ஒரு வாக்கியம் எழுதிக்கொண்டு வந்தார். திருடன் எனக்கு ஒரு பேவர் செய்தான், அவன் ஓடவில்லை என்று. காப்பிக் கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். வாத்தியார் சிரிக்கவில்லை.

"தப்பு. திருடன் உங்களுக்குக் கீழ. கீழ இருக்கறவன் பேவர் பண்ண முடியாது. அவன் பண்றது கடமை."

"சரிங்க, அப்ப எங்க இன்ஸ்பெக்டரு எனக்கு லீவு குடுத்தாருன்னா?"

"அது பேவர்."

"லீவு எனக்கு வர வேண்டியதுங்க. சட்டத்துல இருக்குது."

"இருக்கட்டும். குடுத்தது அவருதான? பேவர்னு எழுதுங்க. இன்னொரு நாளு சேத்துக் குடுப்பாரு."

போலீஸ்காரர் அப்படியே எழுதிக்கொண்டார். மறுமாதம் உண்மையிலேயே ஒரு நாள் அதிகமாக லீவு கிடைத்ததாம். பிறகு அந்த ஆள் வாத்தியாரைக் கண்ட இடத்தில் சலாம் வைக்க ஆரம்பித்தார். இந்த மாதிரிச் சின்னச் சின்ன வெற்றிகளால்தான் ஒரு முட்டாள்தனம் ஊர் முழுக்கப் பரவுகிறது.

ஒரு ஜமாபந்தி சமயம். வருடாவருடம் பெரிய அதிகாரி வந்து தாலுக்கா ஆபீசில் கணக்குப் பார்த்து மனு வாங்கும் நாள். தெருவெல்லாம் கூட்டம். அதிகாரியின் சாமான் ஏற்றி வந்த வண்டி திரும்பும்போது சக்கரம் இவருடைய இடது காலின் மேல் ஏறிவிட்டது. இரண்டு விரல் நசுங்கி ரத்தம். வண்டிக்காரன் பயந்துபோய்க் குதித்து ஓடி வந்தான். இவர் என்ன செய்தார் தெரியுமா? காலில் துணியைச் சுற்றிக்கொண்டு பலகையின் முன் உட்கார்ந்து ஒரு மனு எழுதினார். அதிகாரியின் வண்டி போகிற வழியில் தான் நின்றுவிட்டதை மன்னிக்கும் பேவரைச் செய்ய வேண்டும் என்று. நான் அந்தத் தாளைப் படித்தேன். 

"ஏங்க, நசுங்குனது உங்க காலுங்க."

"ஆமாம்பா. ஆனா வண்டி யாரோடது?"

"யாரோடதா இருந்தா இன்னாங்க?"

"அதான் உனக்கு இங்கிலீசு இன்னும் வர்ல."

அதிகாரி அதைப் படித்துச் சிரித்ததாகவும், ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்ததாகவும் பிறகு சொன்னார். அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எல்லோரிடமும் காட்டினார். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. சீட்டைக் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்வார்களே என்று பயம். அந்த இரண்டு விரலும் கோணிக்கொண்டு ஆறின.

அவர் மனைவி நல்ல வாய்க்காரி. ஒரு முறை மண்டியிலிருந்து புளி கொண்டுபோய்க் கொடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா வாசலில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தார்.

"வாத்தியாரு இருக்கறாருங்களா?"

"இருக்கறாரு. பூனைக்கிட்ட தயவு கேட்டுக்கினு இருக்கறாரு, பால் சட்டிய உட்டு எறங்கச் சொல்லி" என்றார் முறத்தை நிறுத்தாமல். "நீயாவது சொல்லக் கூடாதாப்பா? ஊருக்கெல்லாம் குனிஞ்சு குனிஞ்சு எழுதறாரு. எங்கப்பன் எனக்குக் குடுத்த நெலத்த எங்கண்ணன் ஏரு கட்டிக்கினு இருக்கறான். அதுக்கு ஒரு வரி எழுதச் சொன்னா, மச்சானக் கேட்டா பேவராக் குடுப்பாரு, இருங்கறாரு. எட்டு வருசமா இருக்கறன்."

அவர் உள்ளேயிருந்து, "கேட்டுக்கினுதான இருக்கறன்" என்றார்.

"அதத்தான் சொல்றன்" என்றார் அந்த அம்மா.

அவரைப் பற்றிக் கெட்டதை மட்டும் சொன்னால் நியாயமில்லை. மலைக்காரர்களிடம் அவர் எழுத்துக் கூலி வாங்கியதில்லை. லஞ்சம் வாங்கி எதிர்த் தரப்புக்கு எழுதியதில்லை. கையெழுத்து, அடடா, கோடு போட்ட மாதிரி இருக்கும். ஒரு தாளில் ஒரு அடித்தல் இருக்காது. மனதில் கள்ளம் இல்லாத ஆள். கள்ளம் இருந்திருந்தால் எங்களுக்குப் பாதிச் சேதம்தான் ஆகியிருக்கும். கள்ளனைக் கண்டால் மனிதன் உஷாராகிறான். இந்த மாதிரி நல்லவன் முன்னால்தான் கையை நீட்டி மையில் தோய்க்கிறான்.

எங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊருக்குக் கிழக்கே ஒரு சரிவு. புளியும் கடுக்காயும் நெல்லியும் துடைப்பம் கட்டும் சீமாற்றுப் புல்லும் அங்கேதான். சாமையும் கேழ்வரகும் ஆறு மாதம் சோறு போடும். மீதி ஆறு மாதம் அந்தச் சரிவுதான் சோறு. எங்கள் தாத்தன் காலத்தில் இலாகாக்காரர்கள் வந்து காட்டை அளந்தபோது ஊர்க்காரர்களோடு பேசி, அந்தச் சரிவை விட்டுவிட்டு, அதற்கு மேலேதான் எல்லைக்கல் நட்டார்கள். பதினோரு கல். ஒவ்வொன்றிலும் எண் வெட்டியிருக்கும். கல்லுக்கு மேலே சர்க்கார் காடு. கல்லுக்குக் கீழே எங்களுடையது. இதில் குழப்பம் எதுவும் இல்லை. கண் தெரியாதவன்கூடக் கையால் தடவிப் பார்த்துச் சொல்லலாம்.

இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்கு இரண்டு வருடம் முன்பு காட்டு இலாகாவுக்கு ஒரு புது ரேஞ்சர் வந்தான். சரிவும் காடுதான், உள்ளே கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டான். புளி உலுக்கப் போன இரண்டு பெண்களின் கூடையை கார்டு பிடுங்கிக்கொண்டான். எங்கள் ஊர்க்கவுண்டன், அதாவது ஊர்த் தலைவர், என் தாய்மாமன். மலையிலிருந்து நடந்து இறங்கி நேரே மண்டிக்கு வந்தார்.

"டேய் மாப்ள, கல்லு இருக்குதுடா. போயிச் சொல்லுடா அவனுங்களுக்கு."

"வாயால சொன்னாக் கேக்க மாட்டானுங்க மாமா. எழுத்துல குடுக்கணும்."

அப்படிச் சொன்னவன் நான். அவரைப் பஞ்சுக் கடை வாசலுக்கு அழைத்துக்கொண்டு போனவனும் நான்.

வாத்தியார் எல்லாவற்றையும் கேட்டார். பதினோரு கல்லையும் கேட்டார். தலையாட்டினார். மறுநாள் மாலை மனு தயாராக இருந்தது. இரண்டு பக்கம். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல எழுத்து. எனக்கு அந்தச் சமயம் ஒரு பக்கத்தில் முக்கால் பக்கம் புரியும். படித்தேன். உங்கள் பணிவுள்ள ஊழியர்களாகிய நாங்கள், இலாகாவுக்குச் சொந்தமான இன்ன சரிவில், இலாகாவின் பேவரால் இதுநாள் வரை புளியும் கடுக்காயும் பொறுக்கி வாழ்ந்து வருகிறோம். அந்தப் பேவரைத் தொடர்ந்து அருள வேண்டும். இதுதான் சாரம். கற்களைப் பற்றி ஒரு சொல் இல்லை.

"வாத்தியாரே, சரிவு எங்களுது. இலாகாவுக்குச் சொந்தமானதுன்னு போட்டிருக்கீங்க."

"அப்பிடிப் போட்டாத்தாம்பா அவரு மனசு எளகும்."

"கல்ல எங்க எழுதியிருக்கீங்க?"

"கல்ல எழுதுனா இன்னா ஆவும் தெரியுமா? நீங்க அவருகூட சரிக்குச் சரி நிக்கறீங்கன்னு ஆவும். சரிக்குச் சரி நின்னவன் எவன் ஜெயிச்சிருக்கறான் இந்தத் தாலுக்காவுல? ஒரு பேரு சொல்லு."

நான் யோசித்தேன். ஒரு பெயரும் வரவில்லை.

"உரிமைன்னு ஒரு வார்த்தை இங்கிலீசுல இல்லீங்களா?"

"இருக்குது. அது வக்கீலுங்க வார்த்தை. அத எழுதுனா கோர்ட்டுக்குப் போன்னு திருப்பி உட்ருவாங்க. உங்களுக்கு வக்கீல் வெக்கத் தெம்பு இருக்குதா? இல்ல. புளி வேணுமா, வார்த்தை வேணுமா?"

மாமன் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாடா சொல்றாரு?" என்றார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். சொன்னது வேறு. "பணிவா எழுதியிருக்கறாரு மாமா. அப்பிடித்தான் எழுதணுமாம்" என்றேன்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பெருவிரல் ஒற்றும் எந்தக் காகிதத்திலும் அடியில் ஒரு வரி எழுதி, படிக்கத் தெரிந்த ஒருவன் கையெழுத்துப் போட வேண்டும். படித்துக் காட்டி விளக்கினேன், ஒப்புக்கொண்டு ரேகை வைத்தார்கள் என்று. அது வழக்கம். அந்த வழக்கத்தைக் காட்டிலும் பெரிய பொய் தாலுக்கா ஆபீசில் கிடையாது. இருபது வீட்டுக்காரர்களும் சந்தை நாளன்று இறங்கி வந்து வரிசையாகத் தகரப் பெட்டியில் விரலைத் தோய்த்து ஒற்றினார்கள். அடியில் நான் கையெழுத்துப் போட்டேன். இங்கிலீஷில் போட்டேன். என் முதல் இங்கிலீஷ் கையெழுத்து அதுதான்.

மனு வென்றது.

இதைத்தான் யாரும் நம்புவதில்லை. இரண்டு மாதத்தில் பெரிய ஆபீசரிடமிருந்து உத்தரவு வந்தது. மனுதாரர்களின் பணிவான வேண்டுகோளைப் பரிசீலித்து, ஒரு வருடத்துக்கு மட்டும், ரேஞ்சரின் விருப்பத்துக்குட்பட்டு, சரிவில் பொறுக்க அனுமதி அளிக்கப்படுகிறது. பாஸ் ஒன்று கொடுத்தார்கள். வாத்தியார் அந்த உத்தரவைக் கடை வாசலில் நின்று சத்தமாகப் படித்தார். காப்பிக் கடைக்காரர் எல்லோருக்கும் காப்பி கொடுத்தார். எங்கள் ஊர்க்காரர்கள் ஒரு மூங்கில் குழாய் நிறைய மலைத்தேன் கொண்டுவந்து அவர் பலகைமேல் வைத்தார்கள். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பொய்க் கண்ணீர் இல்லை. அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

மாமன் மட்டும் பாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு வருசம்னா, அப்பறம்?"

"அப்பறம் இன்னொரு மனு" என்றார் வாத்தியார். "நான் இருக்கறன். கவலையே படாதீங்க."

அடுத்த மாதமே கார்டுகள் ஆள் வைத்து எல்லைக்கற்களைப் பிடுங்கினார்கள். ஊர்ப் பெண்கள் போய் மறித்தார்கள். கார்டு ரொம்ப மரியாதையாகப் பதில் சொன்னானாம். "ஏம்மா, எடம் எங்களுதுன்னு நீங்களே எழுதிக் குடுத்துத்தான பாஸ் வாங்கியிருக்கீங்க. அப்பறம் கல்லு எதுக்கு?" பதினோரு கல்லில் நான்கு ரேஞ்சர் பங்களாவின் கொட்டகைக்கு அஸ்திவாரமாகப் போயிற்று. மீதி எங்கே போயிற்று என்று தெரியாது.

வருடா வருடம் மாசி மாதம் இருபது பேரும் இறங்கி வருவார்கள். வருடா வருடம் அதே மனு. தேதியை மட்டும் மாற்றி வாத்தியார் புதிதாக எழுதுவார். விரல்கள் தகரப் பெட்டியில் தோயும். நான் அடியில் கையெழுத்துப் போடுவேன். பாஸ் ஒரு வருடம் பங்குனியில் வந்தது. ஒரு வருடம் சித்திரை முடிந்து வந்தது. அதற்குள் புளி எல்லாம் குரங்குக்கும் இலாகா ஏலம் விட்ட குத்தகைக்காரனுக்கும் போய்விட்டது. தாமதத்தைப் பற்றி எழுதச் சொன்னேன். சீக்கிரம் அனுப்பும் பேவரைச் செய்ய வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தார்.

சண்டை வந்தது. பெட்ரோல் இல்லாமல் பஸ்களுக்குப் பின்னால் கரி அடுப்பைக் கட்டி ஓட்டினார்கள். சேலத்துக்குப் போகிற பஸ் புகையைக் கக்கிக்கொண்டு ஏறுமேட்டில் நின்று நின்று போகும். அந்தக் கரி எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? எங்கள் சரிவைக் கரிக் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள். அந்த வருடம் பாஸ் வரவில்லை. கேட்டதற்கு இந்த வருடம் பேவர் இல்லை என்று பதில் வந்தது. அரிசிக்கும் சோளத்துக்கும் ரேஷன் வந்த வருடம் அது. மலைக்கு ரேஷன் ஏறி வராது. ஊரில் கிழங்கு தோண்டித் தின்றார்கள். அதுவும் அந்தச் சரிவில்தான் இருந்தது. என் மாமன் மகளின் குழந்தை அந்த ஆடியில் செத்துப்போயிற்று. தாய்க்குப் பால் இல்லை.

அடுத்த மனுவுக்கு முன்பே, தை மாதம், நான் கடை வாசலுக்குப் போனேன். உட்காரவில்லை.

"இப்ப எழுதுங்க. சரிவு எங்களுதுன்னு எழுதுங்க. கல்லு நட்டது, கல்லப் புடுங்குனது எல்லாம் எழுதுங்க. அந்த வக்கீலு வார்த்தையப் போடுங்க."

அவர் பேனாவை எடுத்தார். தாளில் மேல்வரி எழுதினார். மேதகு ஆபீசர் சமூகத்துக்கு என்று தொடங்கும் வரி. அங்கேயே நின்றுவிட்டார். பேனாவை மைக்கூட்டிலேயே திருப்பிப் போட்டார்.

"வர்லப்பா" என்றார்.

"வார்த்தை தெரியலைங்களா?"

"வார்த்தை தெரியும். இத்தினி வருசமா என் கையாலயே அவுங்களுதுன்னு எழுதிக் குடுத்திருக்கறன். இப்ப உங்களுதுன்னு அதே கை எழுதுனா, நான் எழுதுன மொத்தத்தையும் பொய்யின்னு தூக்கிப் போட்ருவாங்க. எத்தினி சனம் என் மனுவ நம்பிக்கினு இருக்குது. கொளத்துத் தெருவுக்குக் கெணறு வந்தது என் மனுவுல. அந்த விதவை பென்சன்…"

"கொழந்த செத்துப்போச்சுங்க."

 மேல்வரி எழுதின தாளை மடித்தார். பிறகு சொன்னார், "நானு ஒரு அனுதாப மனு எழுதறன். கொழந்த செத்தத எழுதி, மனசு எளகற மாதிரி."

அந்த இடத்தில் அவரை அடித்திருப்பேன். அடிக்கவில்லை. அவருக்காக இல்லை. அடித்தால் அதற்கும் ஒரு மன்னிப்பு மனுவை அவரே எழுதி என் பேரில் கொடுத்துவிடுவார்.

நானே எழுதினேன். மண்டியில் சாக்கு மூட்டையின் மேல் உட்கார்ந்து ஆறு வரி. சரிவு எங்களுடையது. கல் இருந்தது. உங்கள் ஆட்கள் பிடுங்கினார்கள். நாங்கள் எங்கள் இடத்தில் புளி எடுப்போம். உரிமைக்கு என்ன சொல் என்று அந்தப் போலீஸ்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இலக்கணம் எல்லாம் கோணல்மாணல். ஒரு பேவர் இல்லை.

ஒரே மாதத்தில் பதில் வந்தது. மேற்படி சரிவு இலாகாவுக்குச் சொந்தமானது என்று மனுதாரர்களே பலமுறை எழுத்து மூலம் ஒப்புக்கொண்டு வருடாவருடம் அனுமதி பெற்று வந்திருக்கிறார்கள். அந்த மனுக்கள் அவர்களுக்குப் படித்துக் காட்டி விளக்கப்பட்டவை. ஆகையால் இது நிராகரிக்கப்படுகிறது. எந்தச் சொல்லுக்கும் எனக்கு யாரையும் அர்த்தம் கேட்கத் தேவை இருக்கவில்லை. இங்கிலீஷ் வகுப்பின் பலன் அதுதான்.

அதை மலைக்குக் கொண்டுபோய் மாமனிடம் தமிழில் சொன்னேன். இந்தத் தடவை ஒரு சொல்லும் மாற்றாமல் சொன்னேன். முதல் மனுவில் என்ன இருந்தது என்பதையும் சொன்னேன். ஊர்க்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். மாமன் என்னைத் திட்டவில்லை. கொஞ்ச நேரம் தன் பெருவிரலையே பார்த்தார். பிறகு, "நாளைக்குப் புளி உலுக்கப் போலாம்" என்றார்.

போனார்கள். ஆணும் பெண்ணுமாகப் பதினெட்டுப் பேர். கரிக் குத்தகைக்காரனின் ஆட்கள் ஓடிப்போய்ச் சொல்ல, கார்டுகள் வந்து ஒன்பது ஆண்களைப் பிடித்து அரூருக்கு நடத்திக்கொண்டு வந்தார்கள். மறுநாள் தாலுக்கா ஆபீஸ் கச்சேரியில், அதாவது கோர்ட்டில், விசாரணை. நான் வெளியே ஜன்னல் பக்கம் நின்றேன். உள்ளே விடவில்லை.

மாஜிஸ்டிரேட் கேட்டது எனக்குக் கேட்டது. "யாரைக் கேட்டுக்கொண்டு உள்ளே போனீர்கள்?"

மாமன், "ஆரையும் கேக்கலீங்க" என்றார்.

"பாஸ் இல்லாமல் போகக்கூடாது என்று தெரியுமா?"

"தெரியுமுங்க. அது எங்க எடமுங்க."

மற்ற எட்டுப் பேரையும் கேட்டார்கள். எட்டுப் பேரும் அதையே சொன்னார்கள். ஆளுக்குப் பதினைந்து நாள். சப்ஜெயில் அந்தக் கச்சேரிக்குப் பின்னாலேயே இருந்தது.

வெளியே கூட்டிக்கொண்டு வரும்போது வாத்தியார் அந்தக் கோணல் விரல் காலை இழுத்துக்கொண்டு ஓடி வந்தார். கையில் ஒரு தாள். அக்குள் இடுக்கில் தகர மைப்பெட்டி. போலீஸ்காரர் எங்கள் வகுப்புக்காரர்தான். நின்று இடம் கொடுத்தார்.

"கவுண்டரே, இதுல ஒரே ஒரு பெருவெரல் வெய்யுங்க. தண்டனையக் கொறைக்கச் சொல்லி எழுதியிருக்கறன். இந்த மாஜிஸ்டிரேட்டு எளகின மனசு. பேவரா அஞ்சு நாளுல உட்ருவாரு."

பெட்டியின் மூடியைத் திறந்து நீட்டினார். மாமனுக்குக் கையில் விலங்கு போட்டிருக்கவில்லை, கயிறு கட்டி மறுமுனையை ஒருவன் பிடித்திருந்தான். விரலை நீட்டியிருக்கலாம்.

"வேணாங்க" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. "பதினஞ்சு நாளுன்னா பதினஞ்சாவது நாளு முடிஞ்சிரும். உங்க பேவரு முடியறதில்லீங்க."

நடந்துவிட்டார். மற்ற எட்டுப் பேரும் அவர் பின்னால் போனார்கள். ஒருவனும் பெட்டியைப் பார்க்கவில்லை.

வாத்தியார் திறந்த பெட்டியோடு நின்றார். வெயிலில் மை காய ஆரம்பித்தது. என் பக்கம் திரும்பி அந்தத் தாளை நீட்டினார். "மனுவுல எதுனா தப்பு இருக்குதா? பாத்துச் சொல்லுப்பா" என்றார். உண்மையாகவே கேட்டார்.

வாங்கிப் படித்தேன். இலக்கணம் சுத்தம். ஒரு அடித்தல் இல்லை. கையெழுத்து கோடு போட்ட மாதிரி இருந்தது. தப்பு ஒன்றும் இல்லை என்று சொல்லி அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, மாமன் உள்ளே போட்டுக்கொள்ள ஒரு கம்பளி வாங்கி வரப் போனேன்.